ஹம்மாம்காரி மர்ஸூகா காத்த குரல்

கெய்ரோவில் பாப் அஷ்ஷஃரியா பக்கம் அந்தக் காலத்தில் கல்யாணமாகிப் போன பெண்களில் மர்ஸூகாவின் கைபடாத முதுகு அபூர்வம். பெண்கள் ஹம்மாமில், ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல்கூடத்தில், அவள் தேய்ப்புக்காரி. மணப்பெண்ணை வெந்நீரில் ஊறவைத்து, அழுக்கெடுத்து, மருதாணி இட்டு, கல்யாண வீட்டுக்குக் கையோடு கூட்டிப்போய் உட்கார வைக்கும் வரை அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம். "கத்தாதடி, இன்னிக்கு நான் உரிக்கறது தோல மட்டும்தான், மிச்சத்த மாமியார் பாத்துக்குவா" என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். பெண்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்வார்கள்.

ஆனால் தேய்ப்புக்காரிகள் கெய்ரோவில் தெருவுக்கு ஒருத்தி இருந்தார்கள். மர்ஸூகாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. அவளுக்குக் கேட்கத் தெரியும்.

காது இருந்தால் கேட்க வேண்டியதுதானே, இதில் என்ன பெரிய தெரிதல் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களைக் கல்யாண வீட்டில் செருப்புக் கழற்றும் இடத்திலேயே உட்கார வைத்துவிடுவது நல்லது. எங்கள் ஊரில் பாட்டைப் பாடுகிறவர் பாதிதான் உண்டாக்குவார். ஒரு அடியைப் பாடிவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தம் கேட்கிறவருக்கு உரியது. ருசி தெரிந்தவர் யாராவது அடிவயிற்றிலிருந்து ஒரு "ஆஹ்" விட வேண்டும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு பாடகி அதே அடியைத் திரும்ப எடுப்பாள், இந்தத் தடவை வேறொரு வழியில் போவாள். இன்னொரு "ஆஹ்". இன்னொரு வழி. இப்படி ஒரே அடியில் இரவு கழிந்து, அடுப்புக்கரி முழுதும் சாம்பலாகிவிடும். பொய்யான "ஆஹ்" விழுந்தால் பாட்டு அங்கேயே வாடிப்போகும். கேட்கத் தெரிந்த ஆள் இல்லாமல் பாட்டு நின்ற வீடுகளும் உண்டு.

ஆசான் என்ற மரியாதையில் எல்லோரும் உஸ்தா என்று அழைத்த லவாஹிஸ் அப்போது பாடகிகளில் தலைவி. மாடியில் பெண்களுக்கு நடுவே அவள் பாட, கீழே முற்றத்தில் மீசை வைத்த பாஷாக்கள் மரச்சல்லடை ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வீட்டுக்குப் போவார்கள். அந்த லவாஹிஸ், எத்தனை பெரிய வீடானாலும், பட்டு மெத்தைகளில் இருக்கும் சீமாட்டிகளை விட்டுவிட்டு, "தேய்ப்புக்காரி எங்கே? இங்க வந்து என் இடது பக்கம் உக்காரச் சொல்லுங்க" என்பாள். மர்ஸூகா சோப்பு மணத்தோடு வந்து உட்காருவாள். அவள் "ஆஹ்" விட்ட பிறகுதான் பாட்டுக்கு உயிர் வரும். முப்பது வருஷம் இப்படி.

பிறகு ஒருநாள் லவாஹிஸ் ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொன்னாள். சனிக்கிழமை சூயஸுக்கு ரயில். ஏறின நிமிஷத்திலிருந்து தொழுகைக்குத் தவிர வேறு எதற்கும் குரலெடுப்பதில்லை என்று சத்தியமும் செய்தாள். எல்லோரும் மெச்சினார்கள். மர்ஸூகாவும் கையை முத்தமிட்டு வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல் பாயில் உட்கார்ந்தாள்.

கழுதை வாடகைக்கு விடும் அவள் புருஷன் ஷஹாத்தா வந்து பார்த்தான். "என்ன, யாராச்சும் செத்துட்டாங்களா?"

"யாரும் சாகல. உஸ்தா பாட்ட விட்டுட்டாங்க."

"அல்லாஹ் பெரியவன். இனிமேலாவது இந்த வீட்ல நேரத்துக்கு அவரைக்கொட்டை வேகும்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் ஷஹாத்தா கழுதைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் முஸ்கித் தெருவில் கடிகாரமும் விளக்கும் விற்கிற, வெளிநாட்டுக்காரர் என்பதால் எல்லோரும் கவாஜா என்று கூப்பிடும் கிரேக்கர் யான்கோவிடம் பேசும் பெட்டி ஒன்று வந்திருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் மெழுகு உருளை ஒன்று சுழலும். குழலுக்குள் பேசினால் ஊசி அதை மெழுகில் கீறிக்கொள்ளும். மறுபடி சுற்றினால் பேசினது அப்படியே வரும். உள்ளே ஜின் இருக்கிறது என்று ஹம்மாமில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர், ஜின்னுக்கு முஸ்கியில் என்ன வேலை என்று கேட்டார்கள். மர்ஸூகா யாரையும் கேட்கவில்லை. நேரே போய்ப் பார்த்துவிட்டு லவாஹிஸ் வீட்டுக்கு வந்தாள்.

"உஸ்தா, அந்தப் பொட்டிக்குள்ள ஒரே ஒரு தடவ பாடிட்டுப் போங்க."

"பைத்தியக்காரி. மக்காவுக்குப் போறவள ஜின்னு புடிச்ச பொட்டிகிட்ட கூட்டிட்டுப் போறியா?"

"ஜின்னும் இல்ல, அவங்க அப்பனும் இல்ல. வெறும் மெழுகு. நானே தொட்டுப் பாத்தேன்."

"நான் சத்தியம் பண்ணிருக்கேன்டி."

"ரயிலேறுனப்புறம்தான சத்தியம்? ரயில் இன்னும் சூயஸ்லருந்தே வரல."

லவாஹிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ எனக்காகக் கேக்கறியா, உனக்காகக் கேக்கறியா?"

"எனக்காகத்தான். நீங்க சொர்க்கத்துக்கு வழி பாத்துட்டீங்க. இங்க கெடக்கறவ என்ன பண்ணுவா?"

லவாஹிஸ் சரியென்று தலையாட்டினாள். மறுநாள் மதியம் இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு யான்கோ கடைப் பின்கட்டுக்குப் போனார்கள். பின்மதியத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னால் எழுந்துவிடுவேன் என்று லவாஹிஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள். யான்கோவிடம் வெயிலில் கோணாத உருளைகள் மூன்றுதான் மிச்சம்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் யான்கோ. "பாடறவங்களத் தவிர வேற யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. இந்தக் குழல் நல்லது கெட்டது பாக்காது, எல்லாத்தையும் எழுதிக்கும்."

மர்ஸூகா போர்வை நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தக் குரல் ஒரு கீறல் இல்லாமல் வர வேண்டும். தன்னால் அது கெட்டால் மறுமையிலும் மன்னிப்பில்லை என்று நினைத்தாள்.

உருளை சுழன்றது. லவாஹிஸ் குழலைப் பார்த்து, "இரவே, என் இரவே" என்று எடுத்தாள். முதல் அடியை முடித்தாள். நிறுத்தினாள். இடது பக்கம் பார்த்தாள். மர்ஸூகா கண் பிதுங்க உட்கார்ந்திருந்தாள். லவாஹிஸ் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். மெழுகு தன்பாட்டுக்குச் சுற்றி முடிந்தது.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் யான்கோ.

"எங்க நிறுத்தினேன்? காத்திருந்தேன்."

இரண்டாவது உருளையில் நிறுத்தாமல் பாடச் சொன்னார். லவாஹிஸ் பாடினாள். சுருதி தப்பவில்லை, சொல் தப்பவில்லை. பாட்டுதான் வரவில்லை. முடித்ததும் அவளே முகம் சுளித்தாள்.

"சுவரோட சண்ட போட்ட மாதிரி இருக்கு. இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? எழுந்திரு, போகலாம்."

மர்ஸூகா துணியை வாயிலிருந்து எடுத்தாள். "உஸ்தா, இன்னும் ஒண்ணு இருக்கு. நான் பக்கத்துல இருக்கறதாலதான் நீங்க திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. நான் தெருவுல நிக்கறேன்."

"நீ தெருவுல நின்னா நான் யாருக்குடி பாடுவேன்? இவருக்கா?"

யான்கோ கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மர்ஸூகா மறுபடி துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசி உருளை சுழல ஆரம்பித்தது.

"இரவே" என்று லவாஹிஸ் இந்தத் தடவை குழலைப் பார்க்காமல் மர்ஸூகாவைப் பார்த்தே பாடினாள். சனிக்கிழமை அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்த அடியில் அதுவரை அவள் போகாத ஒரு இறக்கத்தில் இறங்கி, அங்கே நின்றுவிட்டாள். துணி எப்போது மடியில் விழுந்தது என்று மர்ஸூகாவுக்குத் தெரியாது. "ஆ…ஹ்" என்று, முப்பது வருஷமும் சேர்ந்து ஒரே மூச்சாக வெளியே வந்தது.

லவாஹிஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு மேலே போனாள். அன்றைக்கு அவள் போன உயரத்தை யான்கோ சாகும்வரை யாரிடமும் சரியாகச் சொல்ல முடியாமல் தவித்தார். மெழுகு தீரும்போது பாட்டும் தீர்ந்தது. கைப்பிடியிலிருந்து கையை எடுக்க அவருக்கு மறந்துவிட்டது.

மர்ஸூகா தரையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். "கெடுத்துட்டேன் உஸ்தா. கடைசி உருளையில என் எழவெடுத்த மூச்சப் போட்டுட்டேன்."

"போட்டுக் காட்டுங்க கவாஜா," என்றாள் லவாஹிஸ்.

ஊசி மெழுகைத் தொட்டது. முதலில் கரகரவென்று மணல் விழும் சத்தம். பிறகு, அறையில் வாய் மூடி நிற்கிற ஒருத்தியின் பாட்டு அதே அறையில் கேட்டது. யான்கோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். லவாஹிஸ் தன் தொண்டையில் கைவைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. ஆதம் காலத்திலிருந்து எந்தப் பாட்டும் பாடி முடித்தபின் திரும்பி வந்ததில்லை. இது வந்தது, சுவரில் இல்லாத கதவு ஒன்று திறந்த மாதிரி வந்தது.

"இது நான் இல்லயே," என்றாள் லவாஹிஸ் மெல்ல. "யாரோ அசந்துபோன பொம்பள. ஆனா அந்த ஆஹ் இருக்கே, அது நீதான். அப்படியே நீ."

"பாடறது நீங்களேதான் உஸ்தா, மயிரிழை வித்தியாசம் இல்ல. ஆனா அந்த மூச்சு நான் இல்ல. என் மூச்சு அவ்வளவு அழகா இருக்காது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஸர் பாங்கு கேட்டது. லவாஹிஸ் எழுந்தாள்.

ஹஜ்ஜுக்குப் போனவள் திரும்பவில்லை. திரும்பும் வழியில், தூர் என்ற துறைமுகத்தில் நோய்ச் சோதனைக்காக ஹாஜிகளைத் தடுத்துவைத்திருந்த இடத்தில் காலரா அவளை வாரிக்கொண்டு போய்விட்டது. சேதி வந்த அன்று மர்ஸூகா ஹம்மாமில் தேய்க்கும் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முஸ்கிக்கு நடந்தாள். யான்கோ உருளையைப் போட்டார். அதற்குப் பிறகு வேலை முடிந்தால் அங்கேதான். கேட்பாள், போவாள். சில நாள் இரண்டு தடவை கேட்பாள்.

கேட்கத் தெரிந்தவள் அல்லவா, அவளுக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

"கவாஜா, மேல போற எடத்துல குரல் மெலிஞ்சிருக்கு."

யான்கோ ஊசியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். "மெழுகும்மா. ஊசி ஓடற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டிடும்."

"அப்ப நான் கேக்கக் கேக்க அவங்க தேயறாங்களா?"

"ஆமா."

அவள் கையைக் குவித்து உருளையை மறைத்தாள். "இத எங்கிட்ட குடுத்துடுங்க."

வியாபாரிதான் யான்கோ. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர். பஞ்சு வைத்த தகரடப்பாவில் உருளையை வைத்து அவள் கையில் கொடுத்தார். "மெஷின் இல்லாம என்ன பண்ணுவீங்க? என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான்."

"மெஷின் எதுக்கு? அது இருந்தா கேட்டுருவேனே."

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் இருந்த மாடம். அங்கே வைத்தாள். அதற்கப்புறம் அவள் அந்தக் குரலைக் கேட்கவே இல்லை. இதை அவள் எப்படித் தாங்கினாள் என்று நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. கோடையில் ஈரத்துணியை மாற்றி மாற்றி டப்பாவைச் சுற்றிப் போர்த்துவாள். சில சாயங்காலம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். "கேக்காத பாட்ட எதுக்குடி காவல் காக்கற?" என்று ஷஹாத்தா சீண்டுவான். "பேசாத கழுதைக்கு நீ புல்லு போடலயா, அப்படித்தான்" என்பாள்.

காலம் மாறியது. டிராம் வந்தது. மெழுகு போய்க் கறுப்புத் தட்டுகள் வந்தன. காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை பெட்டி பாடியது. தட்டுக்குப் பாடுகிறவர்கள் பக்கத்திலேயே "அல்லாஹ்" சொல்ல ஆள் வைத்துப் பாடினார்கள். அது இல்லாமல் யாருக்கும் பாட்டு வரவில்லை. தெருவில் போகும்போது அந்தக் கூச்சல் காதில் விழுந்தால் மர்ஸூகா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "கூலிக்கு வந்த ஆஹ்" என்பாள். மெழுகுக்குள் இருக்கும் தன் மூச்சைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவே மாட்டாள். உஸ்தாவின் பாட்டில் தன்னால் விழுந்த கறை என்றே கடைசிவரை நினைத்திருந்தாள்.

அவள் செத்து நாற்பதாம் நாள் ஓதி முடித்ததும் மகள் இன்ஸாஃப் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு முஸ்கிக்குப் போனாள். அழுகை வராத பெண் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அம்மா செத்த அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. கேட்டால் தேய்ந்துவிடும் என்று சொல்லி ஆயுசெல்லாம் அம்மா பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாகப் பொத்திவைத்தது என்னதான் என்று ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று வந்தாள், அவ்வளவுதான். யான்கோ கிழவராகியிருந்தார். மூலையிலிருந்து பழைய பெட்டியை இழுத்துத் தூசி தட்டினார்.

மணல் விழும் சத்தம். பிறகு லவாஹிஸ். இன்ஸாஃப் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். நன்றாகத்தான் பாடினாள் அந்தப் பெண். அடி முடிந்து, குரல் இறங்கி, நின்றது.

"ஆ…ஹ்."

மாவு பிசைந்துவிட்டு நிமிரும்போது, வெயிலில் வந்து உட்காரும்போது, இன்ஸாஃபுக்குக் காய்ச்சல் விட்ட காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விடுகிற அதே மூச்சு. குழலுக்குள்ளிருந்து சூடாக வந்தது. அவள் இரண்டு கையாலும் குழலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். மேலே போன பாட்டு ஒன்றும் அவள் காதில் விழவில்லை. நாற்பது நாள் அழுகையும் அங்கே வந்தது.

யான்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். "இன்னொரு தடவ போடவா?"

இன்ஸாஃபின் கை வேகமாக வந்து அவர் கையைப் பிடித்தது.

"வேணாம் கவாஜா. தேஞ்சிடுவாங்க."

உருளையைப் பஞ்சில் வைத்து மூடி, அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.