தீப்பெட்டியிலிருந்து செருப்புப் பெட்டி வரை

ஜொஹரா கோட்டுச்சேரி அங்கன்வாடியில் பத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியை. சத்துமாவு அட்டைப்பெட்டிகளைப் பிள்ளைகள் வருமுன் பிரித்து, அட்டையை மடித்துக் கொல்லையில் போட்டுவிடும் வழக்கம் 2024 ஜனவரியில்தான் அவருக்கு வந்தது. காரணம் நான்கு வயது பஹீமா.

பஹீமாவின் வாப்பா நூர் அகமது ஜனவரி 1 அன்று துபாயில் மாரடைப்பில் இறந்து, ஜனவரி 11, வியாழக்கிழமை, ஆணியடித்த பெட்டியில் வீடு வந்தார். பலகையைப் பெயர்த்தபோது குழந்தையை அப்பால் கொண்டுபோக ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிலிருந்து பெட்டியைக் கண்டால் மேசைக்கு அடியில் புகுந்துவிடுவாள். தாய் மர்யம் இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. அதே தெருக்காரரான ஜொஹராதான் கைப்பிடித்து அங்கன்வாடிக்கு அழைத்துப் போவார்.

மேசைக்கு அடியில் இருப்பவளை ஜொஹரா இழுத்ததில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வார். ஒருநாள், பாசிமணி போட்ட தீப்பெட்டியை நீட்டினார். "நீயே தொறந்து பாரு. வேணாம்னா மூடிடு."

ஒன்பதாம் நாள் திறந்தாள். பிறகு சோப்புப் பெட்டி. மார்ச் 1 அன்று செருப்புப் பெட்டியின் மூடியைத் தானே தூக்கினாள். எல்லாம் ஜொஹராவின் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய், காலை 10.20. சூப்பர்வைசர் சிவப்ரியா பெரிய பொம்மைப் பெட்டியோடு வந்தார்.

"அப்பா இல்லாத பிள்ளை, அவளே பிரிக்கட்டும். போட்டோ எடுக்கணும்."

"வேணாங்க மேடம், நான் பிரிச்சு வச்சிடறேன்."

"பிரிச்சு வச்சா போட்டோவுல என்னங்க இருக்கும்? இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடவா தெரியல?"

பஹீமா கேட்டாள்: "உள்ள யாரு?"

சிவப்ரியா குனிந்து, பரிவோடுதான் சொன்னார்: "உங்க வாப்பா குடுத்தனுப்பினது, கண்ணு."

குழந்தை அலறிக்கொண்டு மேசைக்கு அடியில் ஓடினாள். வெளியே இழுத்த சிவப்ரியாவின் கையைக் கடித்தாள். 'ஆசிரியை செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறார்' என்று அறிக்கை போனது. மார்ச் 20 அன்று ஜொஹராவுக்குக் கோவில்பத்துக்கு மாற்றல். மாற்றலை ரத்துசெய்யக் கேட்டு மர்யம் மனு எழுதி அனுப்பினார். "பிள்ளையோட அம்மா நேர்ல வரணும்" என்றார்கள் அலுவலகத்தில். இத்தாவில் இருப்பவர் எப்படிப் போவார்?

புதிய ஆசிரியை பெட்டிகளை வாசலருகே அடுக்கினார். மார்ச் 26 முதல் பஹீமா போகவில்லை.

இத்தா முடிந்த பின், மே 12, ஞாயிறு, ஜொஹரா அந்த வீட்டுக்குப் போனார். மடியிலிருந்து பழைய தீப்பெட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பஹீமா கிட்டே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"அதுலயும் வாப்பாவா?"

கடைசியாக நான் விசாரித்தபோதும் அங்கன்வாடிச் சுவரில் மார்ச் 5 அன்று எடுத்த அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. பெட்டியைச் சுற்றிப் பதினேழு பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அன்றைய வருகை பதினெட்டு.