மாட்டுக்கு எழுதிய மனு

அந்த மனுவை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி மற்றவர்களை வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறேன். எல்லாரையும் திட்டி முடித்துவிட்டு, கடைசியில் நானும் அங்கேதான் இருந்தேன் என்று மெல்லச் சொல்லி நழுவுவது எனக்குப் பிடிக்காது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. உத்திரமேரூர் ஹைஸ்கூலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாலவாக்கம் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். நிலமும் மாடும் உள்ளவர்கள் ஊரில் இருந்தோம். எங்கள் நிலத்தில் வேலை செய்கிறவர்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இப்போது காலனி என்கிறோம், அப்போது சேரி என்றுதான் சொன்னோம்.

கோயில் மண்டபத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஒரே வாத்தியார். சேரிப் பிள்ளைகள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வந்தால் மண்டபத்துக்கு வெளியே வெயிலில் உட்கார வேண்டும். வாத்தியார் அவர்கள் சிலேட்டைக் கையால் தொடமாட்டார், எட்ட நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஒரு வாரம் அப்படி உட்கார்ந்த பிள்ளை மறுவாரம் வராது. தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தடுத்து வைத்திருந்தோம். அதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாமர்த்தியம் அதிகம்.

இந்த நிலையில்தான் சேரிக்கென்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தர சர்க்கார் உத்தரவு போட்டது. ஒரு கட்டடம், ஒரு வாத்தியார். இடம், சேரியை ஒட்டி இருந்த மேய்க்கால் புறம்போக்கில் ஒரு மூலை. மேய்க்கால் என்பது ஊர் மாடுகள் மேய்வதற்காகச் சர்க்கார் ஒதுக்கிவைத்த நிலம். அதில் யாரும் வீடு கட்டக்கூடாது, ஏர் ஓட்டக்கூடாது. அதனால் ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றும், இடம் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் வேறு கிராமத்துக்குப் போய்விடும் என்றும் ஊர் நிலக் கணக்கு எழுதுகிற கர்ணத்துக்குக் கடிதம் வந்தது.

பெரியப்பா வீட்டுக் களத்தில் ஊர் கூடியது. பெரியப்பாதான் ஊரில் பெரிய கை. அன்றைக்கு அவர் எதையும் மறைத்துப் பேசவில்லை. அதை மட்டும் அவர் பேரில் ஒரு நல்ல வார்த்தையாகச் சொல்லலாம்.

“பள்ளிக்கூடம் வரட்டும், யாரு வேணான்னா? ஆனா காலையில மாட்ட எவன் ஓட்டிக்கினு போவான்? நீ போவியா? இவன் போவானா?” என்று என்னையும் பக்கத்தில் இருந்தவரையும் கை காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காரணம் அவ்வளவுதான். ஊர் மாடுகள் அத்தனையையும் மேய்த்தது சேரிப் பிள்ளைகள். அவர்கள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மாடு மேய்க்கிற குச்சியைத் தூக்க ஆளில்லை.

“இத்த அப்படியே எழுதிடலாமா?” என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. அவ்வளவு மண்டூகமாகத்தான் இருந்தேன்.

“இன்னாடா நீ, படிச்ச புள்ளையா? புள்ளைங்கள பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது. மாட்ட பத்தி எழுது. பசுமாடுன்னு எழுது.”

எருமையும் உழவு மாடும்தான் பாதிக்கு மேல். ஆனாலும் பசுமாடு என்றே எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதிக்கொண்டே போனபோது, யாரும் சொல்லாமல், நானாக ஒரு வரியைச் சேர்த்தேன். ‘வாயில்லா ஜீவன்களின் வாயில் மண்ணைப் போட வேண்டாம் என்று இந்தக் கிராமத்தார் கண்ணீருடன் வேண்டிக்கொள்கிறோம்.’ பெரியப்பா அதை மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். கூட்டத்தில் ஒருவர் மெய்யாகவே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹைஸ்கூலில் தமிழ்க் கட்டுரைக்குக்கூட அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

மறுநாள் காலை மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள வந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கூடையை இறக்கிவைத்தாள். எங்கள் வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் அவள்தான் கொட்டகை வேலை செய்தாள். அவளுடைய ஒன்பது வயது மகள்தான் இரண்டு வீட்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போகிறவள். அந்தப் பெண் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னய்யா, பள்ளிக்கூடம் வருதாமே? இத்தயும் சேத்துக்குவாங்களா? வயசு ஆயிப்போச்சின்னு சொல்லிடுவாங்களா?” என்று மகளைக் காட்டிக் கேட்டாள் தாய். “சந்தையில சிலேட்டு ஒண்ணு வாங்கி வெச்சிகீறேன்.”

மனு உள்ளே என் மேசைமேல் இருந்தது. “பாக்கலாம்” என்றேன்.

‘பாக்கலாம்’! வராது, நான்தான் தடுத்து எழுதியிருக்கிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. வரும் என்று பொய் சொல்லவும் வரவில்லை. அந்த அம்மாள் அதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த வார்த்தைக்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

புரட்டாசியில் தாசில்தார் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்குள் இரண்டு காரியம் செய்ய வேண்டியிருந்தது. முதலாவது, வேலி. மேய்க்காலைக் காப்பாற்றக் கண்ணீர் விட்டார்களே, அந்த மேய்க்காலில் நல்ல மண்ணாக இருந்த பாதியைப் பெரியப்பா ஆறேழு வருஷமாக உழுது வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். மீதி வெறும் சரளையும் காரைச் செடியும். மாடு அதில் வாய் வைக்காது. பிள்ளைகள் மாடுகளை அதன் வழியாக ஏரி உள்வாய்க்கு, ஏரிக்குள் புல் முளைத்த கரையோரத்துக்கு, ஓட்டிக்கொண்டு போய்த்தான் மேய்த்தார்கள். இது ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். கடலைக் கொல்லையைச் சுற்றிப் பெரியப்பா முள்வேலி போட்டிருந்தார். “வேலியப் பார்த்தா இது யார்துன்னு கேப்பாரு. வேலி இல்லன்னா பக்கத்துப் பட்டா நெலம்னு போயிடுவாரு” என்றார் கர்ணம். வேலி பிடுங்கப்பட்டது. பிடுங்கியது சேரி ஆட்கள்தான். வேறு யார் பிடுங்குவார்கள்?

இரண்டாவது காரியம் பெரியப்பாவின் சொந்த யோசனை. அன்றைக்கு மாடு மேய்க்கிற பிள்ளைகள் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. தாசில்தார் பார்த்தால், இதெல்லாம் ஏன் படிக்கவில்லை என்று கேட்டுவிடுவார். அதனால் மாட்டை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

நாமே! பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட மாட்டின் பின்னால் நடக்காதவர்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு குச்சியோடு மேய்க்காலில் போய் நின்றோம். நெற்றியில் விபூதி வேறு. ஊர் மாடு அத்தனையும் சரளைக்கல்லில் நின்று எங்களைப் பார்த்தது. தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்கினார். பெரியப்பா என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, “பாருங்க, இத்தினி மாடும் இத்த நம்பித்தான் கீது” என்று ஆரம்பித்தார்.

மாடுகளுக்குப் பசி. வழக்கமாக அந்த நேரத்துக்கு ஏரிக்குள் போயிருக்கும். முன்னால் நடந்து கூப்பிடுகிற பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக் காரி எருமை முதலில் மூக்கைத் தூக்கியது. நேற்று வரை வேலி இருந்த இடத்தில் இன்றைக்கு வேலி இல்லை, பச்சையாகக் கடலைக் கொடி. அது நடந்தது. பின்னாலேயே எல்லாம் நடந்தன. நாங்கள் ‘ஹை, ஹை’ என்று கத்தினோம், குச்சியை ஆட்டினோம். எங்கள் குரலை ஒரு மாடாவது கேட்டிருந்தால்தானே திரும்பும்?

“ஐயோ, என் கொல்லை! என் கொல்லையில பூந்துடுச்சி! ஓட்டுங்கடா, பாத்துக்கினு நிக்கிறீங்களே!” என்று பெரியப்பா அலறினார்.

தாசில்தார் கர்ணத்தின் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். “உங்க கொல்லையா? இது மேய்க்கால்னு போட்டிருக்கே?” என்றார். மாடுகள் கடலைக் கொடியை இழுத்துத் தின்கிற சத்தம் மட்டும் கேட்டது.

வேறு வழியில்லாமல் பெரியப்பாவே சேரிக்கு ஆள் அனுப்பினார். சாணி அள்ளுகிற அம்மாளின் மகள் ஓடிவந்தாள். கொல்லை ஓரத்தில் நின்று, நாக்கைச் சுழற்றி ஒரு குரல் கொடுத்தாள். காரி எருமை வாயில் கொடியோடு தலையைத் திருப்பியது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்து அவளைச் சுற்றி நின்றன.

“நீ பள்ளிக்கூடம் போவலியா பாப்பா?” என்று தாசில்தார் கேட்டார்.

“மாடு கீதே, சாமி” என்றாள்.

எனக்கு அப்போது உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. பெரியப்பா மாட்டிக்கொண்டார், பள்ளிக்கூடம் வந்துவிடும், நான் செய்த அயோக்கியத்தனத்தை மாடுகளே சரிசெய்துவிட்டன என்று நினைத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலேயே நல்லவனாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தாசில்தார் பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. கர்ணம் படித்துக் காட்டினார். மேய்க்கால் நிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே ஆக்கிரமிப்பில் இருப்பதால், கால்நடைகளுக்கு மிஞ்சியிருக்கும் நிலம் மிகவும் குறைவு. ஆகவே அதை மேலும் குறைத்துப் பள்ளிக்கூடம் கட்ட அனுமதிப்பதற்கில்லை. வாயில்லா ஜீவன்களின் நலனைக் கருதி இவ்வாறு முடிவு செய்யப்பட்டது.

இதைப் படித்தவர்கள் இன்னொரு தரம் படிக்க வேண்டும். பெரியப்பா மேய்க்காலைத் திருடியிருந்தார். அதனால் பள்ளிக்கூடத்துக்கு இடம் இல்லை! திருடினவருக்கு ஒரு நோட்டீஸ். வருஷா வருஷம் ஏதோ அபராதம் கட்டிவிட்டு அவர் பாட்டுக்குக் கடலை போட்டார். வேலியைத் திரும்பக் கட்டியதும் அதே சேரி ஆட்கள்தான். பள்ளிக்கூடம் செய்யாற்றுப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துக்குப் போய்விட்டது. ‘வாயில்லா ஜீவன்கள்’ என்று அந்த உத்தரவில் வந்ததே, அது என் சொல். தாலுக்கா ஆபீசில் யாருக்கோ அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

சேரியில் இருந்தவர்களுக்கு வாய் இருந்தது. அதனால் அவர்கள் சர்க்கார் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஒரு ஊரே பொய் சொன்னது, அந்தப் பொய் எல்லார் எதிரிலும் உடைந்தது, உடைந்த பிறகும் அதுதான் ஜெயித்தது. உத்தரவு வந்த அன்றைக்கு என் வீட்டில் வடை பாயசம். நானும் சாப்பிட்டேன்.

சாணி அள்ள வந்த அம்மாள் மறுநாளும் வந்தாள். கூடையோடு நேராகக் கொட்டகைக்குள் போனாள். அந்தச் சிலேட்டை அவர்கள் வீட்டில் மோர்ச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்ததைப் பிறகு ஒரு நாள் ஆள் கூப்பிடச் சேரிக்குப் போனபோது வாசலிலிருந்து பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. எனக்குப் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் நான்தான். ஒரு நாள் காலை ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து, வாசலுக்கு வெளியே நின்றாள். எங்கள் மாடுகளை மேய்த்த பெண். கல்யாணமாகி அதே சேரியில்தான் இருந்தாள். மறுபடியும் பள்ளிக்கூடம் கேட்டு சேரிக்காரர்கள் மனுக் கொடுக்கப்போவதாகவும், எழுத ஆள் வேண்டும் என்றும் சொன்னாள்.

“உள்ளே வந்து உட்காரு” என்றேன். உட்காரவில்லை.

“எப்படி எழுதணும்?” என்று கேட்டேன்.

“அன்னிக்கி மாட்டுக்கு எழுதினீங்களே சின்னய்யா, கேட்டவங்கல்லாம் அழுதாங்களாமே. அதே மாரி எங்க புள்ளைங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க.”

கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் எழுதினால் நடக்கும் என்று மெய்யாகவே நம்பி வந்திருந்தாள். நான் எழுதித்தானே அன்றைக்கு நடந்தது.

அவள் போன பிறகு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மாட்டுக்கு ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்தவன் நான். இந்தப் பிள்ளைகளுக்காக ‘கண்ணீருடன்’ என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. எழுதி முடிக்க நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, “ஆச்சா, சின்னய்யா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.