கொலுக் குளத்தில் ஊறிய நீலம்

இந்த வருடம் எங்கள் கொலுவில் குளம் தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு புகூர் — குளத்துக்கு இங்கே வங்காளத்தில் அதுதான் பெயர் — இருக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து பேசினில் ஊற்றினார். கிளிப்பச்சை! நடுவில் பாம்பின் மேல் ஆடும் கிருஷ்ணர். வந்தவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். தண்ணீரின் ஓரமெல்லாம் நீலம்...

"மை ஏதாவது கலந்தீங்களா?"

"நான் தொடவே இல்லையே!" என்றார் இவர்.

கிருஷ்ணரின் மண் பாதம்கூட நீலமேறியிருந்தது. யாரும் தொடாத தண்ணீர் தானாக நிறம் மாறினால் என்ன நினைப்பீர்கள்?

அந்த நேரம் பார்த்து கார்டன் ரீச்சிலிருந்து கமலா மாமி வந்தார், கர்ப்பிணி மகள் வித்யாவுடன். நான் சுண்டல் எடுத்து வருவதற்குள் மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவனோட நிறம்டி இது! யாருக்குக் கிடைக்கும்?" என்றவர், உத்தரணியில் அந்த நீலத்தை மொண்டார். "வித்யா, கையை நீட்டு. குழந்தைக்கு நல்லது."

வித்யா நீட்டினாள். நான் தடுக்கவில்லை. சாமி விஷயமாயிற்றே! அப்போதுதான் மேல்வீட்டு சோமா பௌதி உள்ளே வந்தார். பௌதி என்றால் அண்ணி. காலேஜில் தாவரவியல் நடத்துகிறவர்.

"கேயோ நா!" — குடிக்காதே என்று அலறி, வித்யாவின் கையைத் தட்டிவிட்டார்.

அந்தப் பச்சை முழுக்க நுண்ணுயிர்களாம். வெயிலைப் பிடித்து உணவாக்க அவற்றிடம் பச்சை நிறமியோடு ஒரு நீல நிறமியும் உண்டாம். உயிரோடு இருக்கும்வரை அந்த நீலம் வெளியே தெரியாது. செத்து, உடல் உடைந்தால்தான் தண்ணீரில் கசியும். சிலவற்றில் விஷமும் இருக்கும். அதுவும் அப்போதுதான் வெளியே வருமாம். எதில் விஷம் என்று பார்த்தால் தெரியாது என்றார் பௌதி.

அப்படியானால் இத்தனை நாளும் எங்கள் கொலுவில் ஒரு பெருங்கூட்டமே செத்துக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பாட்டுப் பாடியிருக்கிறோம்! பச்சை என்றால் உயிர், நீலம் என்றால் கடவுள்... நம் கணக்கு அவ்வளவு சுலபம்.

வித்யா கை கழுவி வந்தாள். ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. வெளியே பூஜைப் பந்தலில் டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏண்டி," என்றார் மாமி என்னிடம், மெதுவாக. "பெரியவாளுக்கு ஒண்ணும் பண்ணாதோன்னு பௌதியைக் கேளேன்..."

"யாருக்கு மாமி?"

மாமி நாக்கை நீட்டினார். நுனியில் நீலம்.

டாக்டரிடம் ஓடினோம். வயிற்று வலியோடு தப்பித்தார். மகளுக்கு எதைக் கொடுப்பதானாலும் முதலில் தான் ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார் மாமி — அம்மா அல்லவா!