கயிற்றின் இடது ஓரம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்பதும் தெரியும், தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கொல்லிமலையில் ஆள் காணாமல் போனால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எங்களுக்குத்தான் போன் வரும். மிளகுத் தோட்டம், ஜீப் ஓட்டுவது என்று ஆளுக்கொரு பிழைப்பு உள்ளவர்கள் நாங்கள், சம்பளமெல்லாம் கிடையாது, காடு தெரியும் என்பதால் கூப்பிடுவார்கள். மூடுபனியில் கத்தித் தேடினால் எதிரொலி திசையைக் குழப்பிவிடும். அதனால் ஒரே கயிற்றை வரிசையாகப் பிடித்துக்கொண்டு சரிவில் நடப்போம். ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் நட, மூன்று என்றால் ஆள் கிடைத்தாயிற்று.

அன்று மத்தியானம் காணாமல் போனது என் பக்கத்துக் காட்டுக்காரன் சேகரின் நாலு வயது மகள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். கீழே பெரிய பள்ளம் வேறு. எனக்கு வலது பக்கம் கயிற்றைப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தான். இடது ஓரத்தில் கடைசி ஆள் நான். எனக்கு அப்புறம் மீதிக் கயிறு தரையில் கிடந்தது, அவ்வளவுதான்.

அந்த மீதிக் கயிறு விறைத்தது. வேரில் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் இழுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நம்பினால் நம்புங்கள், வேர் மூன்று தடவை இழுக்குமா? என் கை தானாக அதே மூன்று இழுப்பை சேகர் பக்கம் கடத்திவிட்டது. வரிசையின் மறு ஓரத்தில் வந்துகொண்டிருந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. அம்மா ஓடி வந்தார்.

"யாருங்க பாத்தது?"

"தெரியலீங்க மேடம். அந்தப் பக்கமிருந்து வந்துச்சுங்க."

"அந்தப் பக்கம் ஆளே இல்லியே!"

கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனோம். பள்ளத்தின் விளிம்பில், பலா மரத்தடியில், கயிற்று நுனிக்குப் பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தது, உடம்பில் ஒரு கீறல் இல்லை. சேகர் வாரியெடுத்து, "கண்ணு, என் சாமி" என்று கதறியதில் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவன் தோளில் இருந்தபடி பிள்ளை பனிக்குள் கையை நீட்டியது. "அப்பா, அந்த மாமாவையும் கூட்டிட்டு வாங்க. அவருக்கும் வழி தெரியலையாமா."

எஸ்.ஐ. அம்மா எங்களை எண்ணிப் பார்த்தார், எல்லோரும் இருந்தோம். அவர் சிரிக்கவில்லை. "மறுபடி கயிறப் புடிங்க" என்றார்.

பனி விலகும் வரை தேடினோம், யாரைத் தேடுகிறோம் என்றே தெரியாமல். ஒரு கால்தடம்கூட இல்லை. எங்கள் மலையின் ஊர்ப் பகுதிகளான எடப்புளி நாட்டிலும் சரி, பைல் நாட்டிலும் சரி, ஆளைக் காணோம் என்று ஒருவரும் புகார் கொடுத்திருக்கவில்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

போன வாரம் ஸ்டேஷன் பக்கம் போனபோதும் கேட்டுவிட்டேன். "அந்த ஆளத் தேடி யாராச்சும் வந்தாங்களாங்க மேடம்?"

"இன்னும் யாரும் வரலீங்க" என்றார் அவர், எந்த ஆள் என்று கேட்காமலே.