பேருந்தில் ஒரு காலி இருக்கை

கனடாவின் மொன்றியலில் ஒரு தேவாலய வாசல். கச்சேரி முடிந்து உக்ரைன் பாடகர் குழு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். ஓர் இளைஞரை மட்டும் காணவில்லை. குழுத் தலைவி நடைபாதையில் அங்குமிங்கும் நடக்கிறார். பாட்டுக் கேட்க வந்த நானும் பேருந்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

பேருந்து ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் வரலாற்றில். அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நூறு வருடத்துக்கு முன் புதிதாய்ப் பிறந்த உக்ரைன், உலகம் தன்னை நாடாக ஏற்க வேண்டும் என்று இப்படித்தான் ஒரு குழுவைப் பாட அனுப்பியது.

“பேந்து என்ன நடந்தது?” என்கிறார் ஓட்டுநர்.

“அவங்க ஊர் ஊரா பாடிட்டிருக்கும்போதே நாடு போயிடுச்சு அண்ணா. பல பேர் திரும்பவே இல்லை.”

“இவனும் இஞ்சையே நிண்டிட்டான் போல. சண்டை நடக்கிற இடத்துக்கு ஆர் திரும்பிப் போவினம், பிள்ளை? நானும் உப்பிடி நிண்டனான்தானே.”

தெருமுனையிலிருந்து இளைஞர் ஓடி வருகிறார், கையில் மேப்பிள் பாகு போத்தல். “அம்மாவுக்கு” என்கிறார் ஆங்கிலத்தில், மூச்சிரைக்க. தலைவி திட்டிக்கொண்டே அவருடைய தொப்பியை நேராக்குகிறார்.

ஓட்டுநர் கதவை மூடவில்லை. “வடிவா யோசிச்சிட்டியோ தம்பி? போகத்தான் போறியோ?” என்று தமிழிலேயே கேட்கிறார்.

இளைஞர் புரியாமல் சிரித்துவிட்டு, தன் இருக்கையில் போய் உட்கார்கிறார். அதன் பிறகுதான் ஓட்டுநர் கதவை மூடுகிறார்.