அண்ணி லேப்டாப்பைத் திறந்த நாள்

என் அண்ணி வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லேப்டாப்தான் காலை வாரிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குக் கல்யாணமாவதற்கு முன்பே வாங்கியது அது. கேமராவையும் கணக்கு போடும் பலகையையும் சேர்த்துத் திறந்தால் போதும், அண்ணி வாயைத் திறந்தபடியே திரையில் உறைந்துபோவார். அந்தப் பக்கம் பிள்ளைகள் என்ன கூத்தடிக்கிறார்களோ என்று தவிப்பார்.

மூன்று பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களும் போய்விட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். அண்ணி வகுப்பு முடிந்ததும் பால்கனிக்குப் போய், மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடிப்பார். அவர்களோடு இருக்கும் எனக்குத் தெரியாதா? பார்க்கவே பாவமாக இருக்கும்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இன்னொரு ரேம் போட இடம் காலியா இருக்கு மேடம். போட்டா நல்லா ஓடும். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார். அன்று மாலையே வகுப்பு. அண்ணி ரேம் எனும் அந்த நினைவக அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்ததும் அண்ணன் பதறினான்.

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? ஏதாவது ஒடிஞ்சா?"

"ஒடிஞ்சா ஒடியட்டும். இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். கழற்றிய திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் போட்டோம். பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, ரேமைச் சாய்த்துச் செருகி, மெல்லப் படிய வைத்தார். கதவைக்கூடச் சத்தம் வராமல் சாத்துகிறவர் அண்ணி. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி மூடி, பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அண்ணன் ஆரம்பித்தான். உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வாக்கியம் அதுதான்.

"அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இரேன்!"

அண்ணியின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் மறுபடி பிரித்தார். ரேமின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

"தூங்குற குழந்தைக்குப் போர்த்துற மாதிரி வச்சா எப்படி அண்ணி? நல்லா அழுத்துங்க."

"பயமா இருக்குடி."

"அண்ணன் இப்ப சொன்னதை நினைச்சுக்கிட்டு அழுத்துங்க."

இரண்டு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன. இந்த முறை திரையில் வெளிச்சம் வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மாலை வகுப்பில் கேமராவும் பலகையும் தடங்கலில்லாமல் ஓடின. நான் எதிரே துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் சிக்கலான சந்தேகம் ஒன்றைக் கேட்டான். அண்ணி பேனாவை உதட்டில் வைத்து, ஆடாமல் அசையாமல் யோசித்தார்.

"போச்சு, மிஸ் மறுபடி அசையாம நின்னுட்டாங்க!" என்றது ஒரு பெண் குரல்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அதற்குள் அதே குரல், "யாரும் போயிடாதீங்க. எப்பவும் போல மிஸ் வர்றதுக்குள்ள நாமளே போட்டுடலாம்" என்றது.

"எக்ஸை இந்தப் பக்கம் கொண்டு வா."

"எதுக்கு அவசரம்? கேள்வியை இன்னொரு தடவை படி" என்றான் ஒருவன், அப்படியே அண்ணியின் ராகத்தில்.

பேசுங்கள் என்று அண்ணிக்குக் கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண் தளும்பியும் துடைக்கவில்லை. பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்துக் கத்தும்வரை இமைகூடக் கொட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.