தர்ஷினி அழாத காட்சி

பினாங்கு ஃபெர்ரி ஜெட்டியில் டீசல் வாடையும் கடல் உப்பும் கலந்து அடித்த அந்தக் காலை...

காலேஜ் முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை. இங்கே படம் எடுக்க வந்த ஹாலிவுட் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளர்!

இயக்குநர், குடும்பத்தோடு பார்க்கிற படங்களை அவரே எழுதி அவரே இயக்குபவர். எப்படி இதற்குள் வந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஆசை. ஒருநாள் வேனில் கேட்டேவிட்டேன்.

ஆரம்பத்தில் பேய்ப் படங்களுக்குத்தான் எழுதினாராம். அப்பா எழுதிய படம் பார்க்க வேண்டும் என்று சின்ன மகள் கேட்டபோது, காட்டுவதற்கு ஒன்றுகூட இல்லையாம். அவளுக்காகவே ஒரு கதை எழுதினார். எந்தக் கம்பெனியும் வாங்கவில்லை. கடைசியில் தானே இயக்கினார்... ஓடியது.

அன்று ஃபெர்ரியில், அம்மாவைத் தொலைத்த குழந்தை அழும் காட்சி. நடித்தவள் பக்கத்து சுங்கை பினாங் பகுதியைச் சேர்ந்த தர்ஷினி, ஏழு வயது. கேமராவைப் பார்த்தாலே சிரிப்பு. மதியத்துக்குள் ஃபெர்ரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

உள்ளூர் உதவி இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அப்பா ஒன்ன விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாருன்னு அவகிட்ட சொல்லு லா. தன்னால அழுவா."

தர்ஷினியிடம் குனிந்தேன். "அக்கா, நான் நல்லா செய்றேனா?" என்றாள் அவள்.

நிமிர்ந்துவிட்டேன். நேராக இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று.

அவர் முகம் மாறியது. எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொலைந்துபோனால் நீ என்ன செய்வாய் என்று அவளிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.

"எதுக்கு அழணும்? அப்பா தேடி வருவாரு லா. நான் ரொட்டி சாப்பிட்டுட்டு உக்காந்திருப்பேன்."

அதை நான் இங்கிலீஷில் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அங்கேயே காட்சியை மாற்றினார். தர்ஷினி காலை ஆட்டிக்கொண்டு ரொட்டி தின்றாள். அம்மாவாக நடித்தவர் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்... ஒரே டேக்.

படம் வெளியாகி, பட்டர்வொர்த் தியேட்டரில் அந்த இடம் வந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த தர்ஷினியின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதற்கு முன்பெல்லாம் திரையில் ஒரு குழந்தை அழுதால் நானும் சேர்ந்து அழுதுவிடுவேன். இப்போது வீட்டு சோபாவில் என் பிள்ளைகளோடு படம் பார்க்கிறேன்... அழுகை வருவதில்லை.

திரையில் அழும் அந்தப் பிள்ளையிடம், அழவைக்க யார், என்ன சொல்லியிருப்பார்கள் என்றுதான் யோசனை ஓடுகிறது.